படிக்கட்டுச் சந்தில் தோண்டினால் தெரு பிழைக்குமா?

குன்னூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். கடைவீதிக்கு மேலே படிக்கட்டு ஏறிப் போகும் பழைய சந்து அவருடையது. ஓட்டு வீடுகளும் லைன் வீடுகளுமாக இருக்கும் இடம், இப்போது பாதி பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் கோயம்புத்தூர், திருப்பூர் என்று இறங்கிவிட்டார்கள். சந்து முனையில் இருந்த மளிகைக் கடையும் மூடியாயிற்று. வெளிநாடுகளில் ‘சமூகத் தொல்லியல்’ என்று சொல்லி, ஊர்க்காரர்களே சேர்ந்து தோண்டி, அதை வைத்து நலிந்த தெருக்களை மீட்டிருக்கிறார்களாமே. இங்கே அது நடக்குமா, எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதுதான் கேள்வி.

நடக்கும். ஆனால் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். நான் தொல்லியல் படித்தவன், வேலை பார்த்த வருஷங்களில் பாதியைக் குழிக்குள் குத்தவைத்தே கழித்தவன், சொந்த ஊரும் இதே மலைதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சமூகத் தொல்லியல் என்றால் ஊர்க்காரர்களைக் கூட்டிவைத்துத் தோண்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் நம் நாட்டில் நடந்த எல்லா அகழாய்வுமே சமூகத் தொல்லியல்தான். கூடை சுமந்ததும் மண் சலித்ததும் அந்தந்த ஊர்ப் பெண்கள்தானே! எதைத் தேடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள், கிடைத்தது எங்கே தங்குகிறது, அதைப் பற்றிப் பேசும் உரிமை யாருக்கு? இந்த மூன்றுக்கும் ‘தெருக்காரர்கள்’ என்று பதில் வந்தால் சரி. வராவிட்டால், எத்தனை பேர் வந்து தோண்டினாலும் அது கூலி வேலைதான்.

நீலகிரிக்கு இந்த விஷயத்தில் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. ஊட்டியில் பிரீக்ஸ் பள்ளி எல்லோருக்கும் தெரியும். அந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் நீலகிரியின் முதல் கமிஷனர். மலை முகடுகளில் இருந்த கல்வட்டங்களையும் ஈமக்குழிகளையும் தேடித் தேடித் திறந்தவர். 1872-ல் இறந்துபோனார்; அவர் எழுதி வைத்திருந்தது அடுத்த வருஷம் புத்தகமாக வந்தது. மூடியின் மேல் எருமை உருவம் நிற்கும் மண்பாண்டங்கள், வெண்கலக் கிண்ணங்கள் எல்லாம் அந்தக் காலத்துத் தோண்டல்களில் வெளியே வந்தன. இன்றைக்கு அவற்றைப் பார்க்க வேண்டுமானால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கோ லண்டனுக்கோ போக வேண்டும். இங்கே மிச்சம் இருப்பது குழிகள்தான். நான் வேலை செய்த ஓர் அகழாய்வில்கூட, கடைசி நாள் பானை ஓட்டு மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர், “எங்க ஊரு சட்டி பானை எந்த ஊருக்குங்க போவுது?” என்று கேட்டார். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னேன். “திரும்பி வருமுங்களா?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உங்கள் சந்துக்கு வருவோம். நீங்கள் பார்க்க வேண்டிய தொல்பொருள்களில் முக்கால்வாசி மண்ணுக்கு மேலேதான் இருக்கின்றன. கூரை, சுவர், படிக்கட்டு, சாக்கடை, பரணில் கிடக்கும் தகரப்பெட்டி.

கூரையில் ஆரம்பியுங்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பழைய வீட்டுக்காரர்கள் சிலர் ஓட்டைத் திருப்பிக் காட்டி, “பாருங்க, 1865-ன்னு போட்டிருக்கு, வீடு அப்பவே கட்டினது” என்பார்கள். ஓட்டில் 1865 இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம். வீடு கட்டிய வருஷத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; பல பத்தாண்டுகள் கழித்து வார்த்த ஓட்டிலும் அதே 1865 இருக்கும். முதல் உலகப் போருக்குப் பிறகு அந்தத் தொழிற்சாலைகள் மிஷன் கையை விட்டு காமன்வெல்த் டிரஸ்ட் என்ற கம்பெனி கைக்குப் போயின, முத்திரையும் மாறியது. ஆக, மிஷன் முத்திரை உள்ள ஓடு என்றால் கை மாறுவதற்கு முன்னால் வார்த்தது, காமன்வெல்த் முத்திரை என்றால் பின்னால் வார்த்தது. ஒரே கூரையில் இரண்டும் கலந்து கிடந்தால்? ஒரு தடவையாவது ஓடு மாற்றியிருக்கிறார்கள், அல்லது இடித்த வேறொரு வீட்டு ஓட்டைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். குன்னூருக்கு ரயில் வந்தது 1899-ல். அதற்கு முன்னால் மலைக்கு வந்த ஒவ்வொரு ஓடும் மலைச்சாலையில் மாட்டை நம்பி ஏறியது. அதனால் அப்போது உடையாத ஓட்டை யாரும் தூக்கி எறிந்திருக்க மாட்டார்கள்.

ஓட்டுக்குக் கீழே இருக்கும் வாரை, உத்திரத்தையும் பாருங்கள். கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், இந்த மலைக்கு வந்ததே 1840-களில். அது வளர்ந்து, வெட்டி அறுக்கும் பருவத்துக்கு வந்த பிறகுதான் வீட்டுக்குள் வந்திருக்க முடியும். சில வீடுகளில் மரத்துக்குப் பதில் பழைய தண்டவாளத் துண்டை உத்திரமாகப் போட்டிருப்பார்கள். வெள்ளையடித்து வெள்ளையடித்து மூடியிருக்கும். பக்கவாட்டில் விரலால் தடவிப் பாருங்கள், எழுத்து தட்டுப்படும். தண்டவாளம் உருட்டும்போதே கம்பெனி பெயரையும் வருஷத்தையும் அதில் அச்சாக்கிவிடுவது வழக்கம். அந்த வருஷமும் வீட்டின் வருஷம் இல்லை. ஆனால் வீடு, அல்லது குறைந்தது அந்த உத்திரம், அதற்கு முன்னால் இருந்திருக்க முடியாது. தொல்லியலில் பெரும்பாலான தேதி இப்படித்தான் பிடிபடும்: ‘இதற்கு முன்னால் இல்லை’, ‘இதற்குப் பின்னால் இல்லை’ என்று இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டே வருவது.

பாட்டிலுக்கும் இதே மாதிரி ஒரு தந்திரம் உண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். கண்ணாடிப் பாட்டிலின் பக்கவாட்டில் ஒரு மெல்லிய தையல் கோடு ஓடும். அது கழுத்தோடு நின்றுவிட்டால் வாய்ப்பகுதியைக் கையால் முடித்திருக்கிறார்கள். வாயின் விளிம்பு வரை ஏறினால் இயந்திரம் வார்த்தது, அதாவது இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு. கோலி சோடா பாட்டிலின் அமைப்புக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது 1870-களில். இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு ஒரு சாக்குப் பை நிறையப் பாட்டில் துண்டுகளைக் கொட்டினால், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் பிரித்து வைத்துவிடுவார்கள். கையுறை மட்டும் கட்டாயம்.

பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். குன்னூரில் ஓட்டுப்பட்டறை என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஓடு சுட்ட சூளை இருந்ததா? எந்த ஓடு, நாட்டு ஓடா, சீமை ஓடா? மண் எங்கிருந்து வந்தது? கேள்வி அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அங்கே வீட்டுக்கு வானம் தோண்டும்போது கருகிய மண்ணும் உருகிய ஓட்டுத் துண்டும் வருகிறதா என்று கேட்டுப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். உங்கள் சந்துக்கும் நகராட்சிப் பலகையில் ஒரு பெயர் இருக்கும், பாட்டிமார் வாயில் வேறு பெயர் இருக்கும். எழுதி வைக்க வேண்டியது பாட்டிமார் சொல்லும் பெயரை.

இதையெல்லாம் எழுதும்போது சுலபமாக இருக்கிறது. ஒரு வாசலில் போய் நிற்கும்போதுதான் விஷயம் வேறு என்று தெரியும். சில வருஷங்களுக்கு முன்னால் வேறொரு மலைநகரத்துச் சந்தில் சுவர் அளந்துகொண்டிருந்தோம். டேப்பின் ஒரு முனை கல்லூரிப் பையன் கையில், மறுமுனை என் கையில். அளவைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதவு பாதி திறந்தது. ஒரு அம்மா, எழுபது வயது இருக்கும், ஸ்வெட்டருக்கு மேலே முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“எந்த ஆபீசுல இருந்து வந்திருக்கீங்க கண்ணு?”

“ஆபீஸ் இல்லைங்கம்மா. பழைய சுவருன்னு படம் வரையறோம்.”

“வரைஞ்சு? இடிக்கறதுக்கா?”

இல்லை இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. அடுத்த கால் மணி நேரத்தில் சந்து முழுக்கச் சாத்திக்கொண்டது. மலைநகரங்களில் டேப்போடு வருகிறவன் என்றால் ஒன்று சர்வே, அல்லது ஆக்கிரமிப்பு நோட்டீஸ். பட்டா இல்லாத வீடு எத்தனை, தாத்தா பெயரிலேயே நின்றுபோன பத்திரம் எத்தனை, புறம்போக்கில் ஓர் அறை நீட்டிக்கொண்ட வீடு எத்தனை என்று அந்தச் சந்துக்குத்தான் தெரியும். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. நான் செய்தது தப்பு.

டேப்பை மடித்து வைத்துவிட்டோம். மூன்று வாரம் வெறுமனே போய் வந்தோம். டீக்கடையில் உட்கார்ந்தோம். நான்காவது வாரம் அதே அம்மா கூப்பிட்டு, அந்தச் சுவரைக் காட்டினார். “இதுல இந்தப் பாதிதான் பழசு. அந்தப் பக்கம் மழைக்கு விழுந்தது, எங்க மாமனார் மண்ணுல கட்டினது. இந்த ஜன்னல் நான் கல்யாணமாகி வந்தப்ப கதவா இருந்துச்சு.” நான் இரண்டு நாள் கல்லைக் கல்லாகப் பார்த்து வரையவிருந்த மூன்று கட்டங்களையும் அவர் ஒரு நிமிஷத்தில் வரிசையாகச் சொல்லிவிட்டார். பிறகு டேப்பை அவரே பிடித்துக்கொண்டார்.

ஆகையால் முதல் வேலை, அளக்கும் முன்பே ஒரு காகிதம் எழுதுவது. தமிழில், ஒரே பக்கம். அளவும் படமும் அந்தந்த வீட்டுக்காரரிடம் ஒரு பிரதி இருக்கும். கதவு எண்ணோடு எங்கேயும் வெளியிட மாட்டோம். எந்த அலுவலகத்துக்கும் கேட்காமல் கொடுக்க மாட்டோம். வேண்டாம் என்றால் எந்த நாளிலும் கிழித்துவிடலாம். தெருவில் பெரியவர்கள் நாலு பேர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். இது இல்லாமல் இறங்கினால் நீங்கள் அந்தச் சந்தில் பிறந்தவராக இருந்தாலும் கதவு சாத்தத்தான் செய்யும்.

அடுத்தது, ‘தெருக்காரர்கள்’ என்று நானும் சுலபமாக எழுதிவிட்டேன், யார் அவர்கள்? வீட்டுச் சொந்தக்காரர் கோவையில் இருப்பார், வாடகைக்காரர் முப்பது வருஷமாக இங்கே இருப்பார். நகராட்சித் துப்புரவுப் பணியாளர் குடும்பங்களின் லைன், ஊர்க் கூட்டத்துக்கு யாரும் கூப்பிடாத மூலையில் இருக்கும். ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து எஸ்டேட்டிலோ ஹோட்டலிலோ வேலை பார்க்கும் பையன்கள் காலி வீடுகளில் தங்கியிருப்பார்கள். கோயில் கமிட்டியிடம் மட்டும் பேசிவிட்டு ‘ஊரே ஒத்துக்கொண்டது’ என்று எழுதினால் அது பொய்.

அப்புறம் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்கள். 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்தானது. அதில் வந்தவர்களில் நிறையப் பேர் குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று இந்த மலையில்தான் கரையேறினார்கள். டான்டீ என்ற தமிழக அரசுத் தேயிலைத் தோட்டங்களே அவர்களுக்கு வேலை கொடுக்க உருவானவைதான். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியபோது தலையில் இருந்த தகரப்பெட்டி இன்னும் சில வீட்டுப் பரணில் இருக்கிறது. அதன் மேல் பெயின்டில் எழுதிய பெயர் இருக்கிறது. என்னைக் கேட்டால், உங்கள் சந்தில் கிடைக்கக்கூடிய எந்தப் பானை ஓட்டைவிடவும் அந்தப் பெட்டி பெரிய தொல்பொருள். நூறு வருஷம் ஆகவில்லையே என்பார்கள். ஆக வேண்டிய அவசியமில்லை. ஊட்டி இந்து நகரைப் பாருங்கள். அங்கே இருந்த பிலிம் தொழிற்சாலையான ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967-ல் உற்பத்தியைத் தொடங்கியது, நம் அப்பா அம்மா கல்யாணப் போட்டோவில் பல ‘இந்து’ பிலிமில் எடுத்தவை. தொழிற்சாலை மூடிவிட்டது. ஒரு தலைமுறைக்குள்ளாகவே அந்தக் குடியிருப்பு தொல்லியல் களம் ஆகிவிட்டது.

இப்போது தோண்டுவதைப் பற்றி. சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அகழாய்வு என்று முறையாகச் செய்ய இந்தியத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். நடைமுறையில் அது பல்கலைக்கழகம், மாநிலத் தொல்லியல் துறை மாதிரி நிறுவனங்களுக்குத்தான் கிடைக்கும். நண்பர்கள் குழுவுக்குக் கிடைக்காது. அதனால் ஒரு தொல்லியல் பேராசிரியரைப் பங்காளியாக்காமல் ஒரு சாண் குழிகூட வேண்டாம். 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது: மண்ணில் புதைந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது அன்றைக்குப் பெரிய தொகை, இன்றைக்கு ஒரு டீ. 1972-ம் வருஷத்துச் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய வரலாற்றுப் பொருள் தொன்மைப் பொருள் ஆகிவிடும், உரிமம் இல்லாமல் அதை வைத்து வியாபாரம் செய்ய முடியாது. கிடைத்ததை யாராவது ஆன்லைனில் விற்கக் கிளம்பினால் முழு முயற்சியும் அன்றோடு முடிந்தது. ஊருக்கு மேலே மலை முகட்டில் கல்வட்டமோ கல்திட்டையோ வீரக்கல்லோ இருந்தால் தொடவே தொடாதீர்கள். அவற்றில் பல இன்றும் யாரோ ஒருவரின் முன்னோர், யாரோ ஒருவரின் சாமி.

சட்டத்தைவிட எனக்குப் பயம் சரிவுதான். 2009 நவம்பரில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி முழுக்க மண் சரிந்து எத்தனை உயிர் போனது என்று இந்த மலைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. படிக்கட்டுச் சந்தில் ஒரு வீட்டின் பின்சுவர்தான் மேல்வீட்டின் அஸ்திவாரம். தடுப்புச்சுவர் அடியில் ஒரு கூடை மண் எடுத்தாலும் அடுத்த மழையில் தெரிந்துவிடும். சமதளமான கொல்லையில் மட்டும், தடுப்புச்சுவரை விட்டுத் தள்ளி, ஜனவரி முதல் மார்ச்சுக்குள். ஜனவரி என்றால் காலையில் உறைபனி, மண் கல்லாக இருக்கும். பத்து மணிக்கு மேல்தான் கரண்டி இறங்கும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குழி போதும். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முறை நிறுத்தி, அந்த அடுக்கில் வந்ததைத் தனிப் பையில் போட்டு, பையின் மேல் எழுதி, மண்ணைச் சலித்து, கடைசியில் குழியை மூடி மிதித்துவிட வேண்டும். சனிக்கிழமை தொடங்கினால் ஞாயிறு மாலை கொல்லையில் மறுபடி கீரைப் பாத்தி போடலாம்.

இத்தனை சின்னக் குழியில் என்ன தெரியும் என்று இளக்காரமாக நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் கரென்சா லூயிஸ் என்ற தொல்லியலாளர் 2005 முதல் பள்ளிப் பிள்ளைகளையும் ஊர்க்காரர்களையும் வைத்து, ஆட்கள் குடியிருக்கும் கிராமங்களின் வீட்டுத் தோட்டங்களில் இதே அளவுக் குழிகளைத் தோண்டினார். இரண்டாயிரத்துக்கு மேல் குழிகள் சேர்ந்தன. பதினான்காம் நூற்றாண்டில் வந்த பெரும் கொள்ளைநோய்க்கு முன்னால் எத்தனை பானை ஓடு, பின்னால் எத்தனை என்று கூட்டிப் பார்த்தபோது, கிழக்கு இங்கிலாந்தில் ஏறக்குறைய 45 சதவீதம் குறைந்திருந்தது. ஊரில் ஆள் குறைந்துபோனதற்கு அது அடையாளம். அத்தனையும் யாரோ ஒருவரின் வீட்டுக் கொல்லையில், வார இறுதியில் எண்ணியது.

தோண்டாமலே தோண்டின பலன் கிடைக்கும் வழியும் ஒன்று உண்டு. குடிநீர்க் குழாய் பதிக்கவும் சாக்கடை மாற்றவும் நகராட்சி எப்படியும் தெருவைத் தோண்டும். அந்தப் பள்ளத்தின் சுவரை மூடுவதற்கு முன்னால் போட்டோ எடுத்து, எந்த ஆழத்தில் பழைய கல் தளம், எந்த ஆழத்தில் சாம்பல், எங்கே செம்மண் என்று குறித்துக்கொள்ளுங்கள். கான்ட்ராக்டர் மேஸ்திரிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் பத்து நிமிஷம் கிடைக்கும்.

சரி, இதனால் தெரு எப்படிப் பிழைக்கும்? கீழடியைப் பார்த்துவிட்டுப் பலரும் அருங்காட்சியகம், கூட்டம், பஸ் என்று கற்பனை செய்கிறார்கள். கீழடியில் 2023-ல் ஊரிலேயே அருங்காட்சியகம் திறந்ததும், கிடைத்த பொருள்கள் அங்கேயே காட்சிக்கு இருப்பதும் பெரிய விஷயம், சந்தேகமில்லை. ஆனால் உங்கள் சந்து கீழடி ஆகாது, ஆகவும் வேண்டாம்.

நீங்கள் பார்க்க வேண்டிய உதாரணம் சிட்னியில் இருக்கிறது. அங்கே ‘தி ராக்ஸ்’ என்று துறைமுகத்தை ஒட்டி, மேடும் பள்ளமும் படிக்கட்டுமாக ஒரு பழைய தொழிலாளர் பேட்டை. 1970-களில் அதை இடித்து உயரக் கட்டடம் கட்டத் திட்டம் போட்டார்கள். ஜாக் மண்டி தலைமையில் கட்டடத் தொழிலாளர் சங்கமே ‘நாங்கள் இடிக்க மாட்டோம்’ என்று கையைக் கட்டிக்கொண்டது, பேட்டை பிழைத்தது. 1994-ல் அங்கே கம்பர்லாந்து தெருவில் பெரிய அகழாய்வு நடந்தது, பொதுமக்கள் நூற்றுக்கணக்கில் தன்னார்வலர்களாக வந்து சலித்தார்கள். பல லட்சம் பொருள்கள் வந்தன. அழுக்கும் குற்றமுமான சேரி என்று காலம்காலமாக எழுதி வைத்திருந்த இடத்தில் நல்ல பீங்கான் தட்டு, பிள்ளைகளின் பொம்மை என்று கௌரவமாகக் குடும்பம் நடத்தியவர்களின் சாமான்கள் கிடைத்தன. தோண்டிய இடத்தை மூடவும் இல்லை, நாசம் செய்யவும் இல்லை. பழைய சுவர்களும் சந்தும் கீழே தெரியும்படி, தூண்கள் மேல் ஓர் இளைஞர் விடுதி கட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகள் இன்றும் அங்கே வந்து படிக்கிறார்கள். கதையை இதோடு நிறுத்தினால் நன்றாகத்தான் இருக்கும். 2014-ல் மாநில அரசு அந்த வட்டாரத்து அரசு வாடகை வீடுகளை விற்கப் போவதாக அறிவித்தது. மதிப்பு ஏறிவிட்டதல்லவா! பல தலைமுறையாக அங்கே இருந்த வாடகைக் குடும்பங்கள் வெளியேற வேண்டியதாயிற்று.

இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. குன்னூரில் ஒரு வீட்டுக்கு ‘ஹெரிடேஜ்’ என்று பெயர் விழுந்தால் அடுத்த சீசனுக்குள் அது காட்டேஜ் ஆகிவிடும் என்பது உங்களுக்கே தெரியும். புரோக்கர் மேலே ஏறி வருவார். வாடகைக்கு இருக்கும் அந்த அம்மா பெட்டியைக் கட்டுவார். சுவரெல்லாம் அழகாக இருக்கும், இரவில் விளக்கு எரியாது. அதனால் வேலை தொடங்கும் முன்பே சொந்தக்காரர்களோடு வாடகைக்காரர்களையும் உட்காரவைத்து, இத்தனை வருஷத்துக்கு வாடகை இவ்வளவுக்கு மேல் ஏறாது, விற்பதானால் முதலில் குடியிருப்பவரிடம் கேட்க வேண்டும் என்று எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். கோர்ட்டில் எவ்வளவு தூரம் நிற்கும் என்பது வேறு. தெருவில் நாலு பேர் முன்னால் போட்ட கையெழுத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

லாபம் வரும் வழிகள் சின்னச் சின்னதாகத்தான் இருக்கும். வீடு வீடாகக் கணக்கெடுக்கும்போதே பூட்டிய வீடுகளின் சொந்தக்காரர் யார், எங்கே இருக்கிறார் என்ற பட்டியல் தானாக வந்துவிடும். பல வீடுகள் பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் யாரிடம் கேட்பது என்று தெரியாததுதான். சுவர் எதனால் கட்டியது என்று தெரிந்துவிட்டால் பழுது பார்க்கும் முறையும் மாறும். மண்ணும் சுண்ணாம்புமாக இருக்கும் சுவரின் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று சுவரை அரிக்கும். நம்மூர் மழைக்கு இது சாதாரணத் தொந்தரவு இல்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரைப் பிடித்து, தெருப் பையன்கள் இரண்டு பேரை அவரிடம் விட்டால் அது ஒரு பிழைப்பு. படிக்கட்டு, சாக்கடை, தெருவிளக்கு என்று நகராட்சியிடம் கேட்கும்போது, வரைபடத்தோடும் படத்தோடும் போகிற தெருவுக்குக் கிடைக்கும் காது, வெறும் மனுவோடு போகிற தெருவுக்குக் கிடைக்காது.

அப்புறம் ரயில். மலை ரயில் குன்னூரில் நின்று எஞ்சின் மாற்றுகிறது. கீழிருந்து நீராவி, மேலே ஊட்டிக்கு டீசல். சுற்றுலா வருகிறவர்கள் பிளாட்பாரத்தில் போட்டோ எடுத்துவிட்டு அப்படியே போய்விடுகிறார்கள். அவர்களில் நூற்றில் இரண்டு பேர் ஒரு நாள் இங்கே தங்கி, உங்கள் சந்துக்குள் ஒரு மணி நேரம் நடந்து பார்த்து, வர்க்கி வாங்கி, டீ குடித்தால் சந்து முனையில் ஒரு கடை மறுபடி திறக்கும். நடத்திச் செல்கிறவர் அந்தச் சந்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டும், காசு அவருக்கே போக வேண்டும். வீட்டுக்குள் எட்டிப் பார்க்க விடக் கூடாது. பூட்டிய வீடு ஒன்றின் முன்னறையை வாடகைக்கு எடுத்து, ஓடு, பாட்டில், தகரப்பெட்டி, படங்கள் எல்லாவற்றையும் அங்கேயே வையுங்கள். முறையான அகழாய்வில் கிடைத்தது சட்டப்படி வேறு எங்காவது போக வேண்டியிருந்தால், அனுமதிக்கு எழுதும்போதே வரைபடமும் புகைப்படமும் தெருவில் ஒரு பிரதி இருக்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் சாயங்காலம் வந்து உட்கார அந்த அறையில் இரண்டு பெஞ்சும் போட்டுவையுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குச் செலவழிப்பதைவிட அது முக்கியம்.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்பீர்கள். முதல் வருஷம் கூரை, சுவர், பேச்சு மட்டும். இரண்டாம் வருஷம் குழாய்ப் பள்ளங்களைக் கவனிப்பது, பேராசிரியரைப் பிடிப்பது. மூன்றாம் வருஷத்துக்கு முன்னால் குழி வேண்டாம். இதற்குள் ஆர்வம் போய்விட்டால் குழி தோண்டியும் பிரயோசனம் இருந்திருக்காது.

மழை விட்டதும் எப்படியும் ஓடு மாற்ற ஆள் வருவார்கள். அன்றைக்கு யார் வீட்டுக் கூரை என்று விசாரித்து, ஒரு நோட்டும் பென்சிலுமாகப் போய் நில்லுங்கள். கீழே இறக்கும் ஒவ்வொரு ஓட்டையும் திருப்பி, முத்திரையில் என்ன இருக்கிறது என்று அந்த வீட்டுப் பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள். உடைந்ததையும் சேர்த்துத்தான். போட்டோ எடுக்கும்போது அளவு தெரிய ஓட்டின் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைக்க மறந்துவிடாதீர்கள்.